நான் தூக்கிப்போடச் சொன்ன டப்பா

“அண்ணே, வெறும் ஹார்ட் டிஸ்க் ஒண்ணு கையில இருக்கு. அதை வெளியிலேர்ந்து கம்ப்யூட்டர்ல மாட்டணும். எந்த கேஸ் வாங்கலாம்?”

கடையில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் கவுண்டரில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே யாராவது இதைக் கேட்டிருப்பார்கள். நம் பாலக்கரை கம்ப்யூட்டர் கடையில் இருபத்தாறு வருஷம் நானும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பதில் சுலபம். லேப்டாப்பிலிருந்து கழற்றிய சின்ன டிஸ்க் என்றால் யுஎஸ்பி ஒயரில் வரும் கரண்டே போதும். ஒரு கேபிளோ சின்ன கேஸோ கொடுத்தனுப்பலாம். பெரிய டிஸ்க் என்றால் தனி பவர் அடாப்டர் வைத்த டப்பா வேண்டும், அல்லது டிஸ்க்கை நிமிர்த்திச் செருகும் டாக் வேண்டும். இதையெல்லாம் ஒரே நாளில் கற்றுக்கொள்வீர்கள். இதைச் சொல்வதற்காக நான் காட்டூரில் வீட்டு மாடியில் உட்கார்ந்து பேனா பிடிக்க வேண்டியதில்லை.

பதில் சொல்வதற்கு முன்னால் நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. “இந்த டிஸ்க் இதுக்கு முன்னாடி எதுல இருந்துச்சு?” நான் அதைக் கேட்காமல் விட்ட கதை இது. ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் முன்னால் நடந்தது. அனுபவம் போதாமல் நடந்த தப்பு இல்லை. அனுபவம் இருக்கிறது என்கிற தைரியத்தில் நடந்த தப்பு.

கோமதி டீச்சர் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைப் பக்கம் குடியிருந்தார். காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். கடைக்குப் பழைய வாடிக்கையாளர். ஒரு திங்கட்கிழமை காலையில் போன் செய்தார்.

“சார், என் பெரிய ஹார்ட் டிஸ்க் இருக்குல்ல, மேஜை மேல நிக்குமே கறுப்பா, அது ஒயரைச் சொருகினா ஆடுது. ஒரு நிமிஷம் வருது, உடனே போயிடுது.”

“ஒயர் சொருகற வாய் லூசாயிருக்கும் டீச்சர். கவலைப்படாதீங்க. அது வெறும் டப்பாதான். உள்ள இருக்கற டிஸ்க்தான் முக்கியம். யாரையாவது விட்டு டப்பாவைப் பிரிச்சு, டிஸ்க்கை மட்டும் பத்திரமா எடுத்துட்டு வாங்க. புது கேஸ் போட்டுத் தரேன்.”

“டப்பா வேணாமா சார்?”

“தூக்கிப் போடுங்க.”

இந்தப் பேச்சை என் வாழ்க்கையில் எத்தனை முறை பேசியிருப்பேனோ தெரியாது. அத்தனை முறையும் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் டிஸ்க்கைப் பூத்துவாலையில் சுற்றி, மடியில் வைத்தபடி ஆட்டோவில் வந்து இறங்கினார். அவருடைய தம்பி சேகர் ஸ்க்ரூ டிரைவரால் டப்பாவை நெம்பி எடுத்துக் கொடுத்தாராம். டிஸ்க்கில் ஒரு கீறல் இல்லை. டாக்கில் நிறுத்தி ஸ்விட்சைப் போட்டேன். சீராகச் சுழன்றது. கட்கட் என்ற சத்தம் எதுவும் இல்லை. காதை வைத்துக் கேட்டுவிட்டு டீச்சரைப் பார்த்துச் சிரித்தேன்.

திரையில் ஒரு பெட்டி வந்தது. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்டது.

“ஃபார்மட்னா சரி பண்றதுதானே சார்?” என்றார் டீச்சர்.

“இல்லீங்க. அழிக்கிறது.”

பெட்டியை மூடினேன். வேறு கேபிளில் மாட்டினேன், இன்னொரு கேஸில் போட்டேன், கடைசியில் ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து நேராகவே இணைத்தும் பார்த்தேன். எல்லா இடத்திலும் அதே கேள்விதான் வந்தது. டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதுல என்ன இருக்குங்க?” என்றேன்.

“பிள்ளைங்க குரல் சார். பதினோரு வருஷம். ஒவ்வொரு பிள்ளையும் மொத மாசம் என்ன சத்தம் போட்டுச்சு, ஆறு மாசம் கழிச்சு என்ன சொல்லுச்சு, வருஷா வருஷம் எப்படி மாறுச்சு, எல்லாத்தையும் அவங்க அப்பா அம்மா சம்மதத்தோட பதிஞ்சு வெச்சிருக்கேன். பாதி டிஸ்க் நெரம்பியிருக்கு. வேற காப்பி இல்ல. சனிக்கிழமை முசிறியிலேர்ந்து ஒரு அப்பா வரார். நாலு வயசுப் பொண்ணு. காதுக்கு மிஷின் மாட்டி ஏழு மாசமாச்சு. இன்னும் ஒரு வார்த்தை வரலை. இனிமே கூட்டிட்டு வரலைன்னு சொல்லிட்டார். மத்த பிள்ளைங்க எப்படி ஆரம்பிச்சாங்கன்னு அவருக்குப் போட்டுக் காட்டணும். நான் வாயால சொன்னா அவர் நம்பலை.”

கைக்கு வேலை கொடுக்கத் தோன்றியது. நம்மிடம் ஒரு மென்பொருள் உண்டு, டிஸ்க் எப்படிப் பகுதி பகுதியாகப் பிரிந்திருக்கிறது என்ற குறிப்பைச் சரிசெய்து எழுதும். அதைத் திறந்துவிட்டேன்.

நம் முதலாளி பின்னால் வந்து நின்றார். பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், அதனால் பாய் என்றே எழுதுகிறேன். என்னைவிட ஆறு வயது சின்னவர். ஆனால் பதற்றமான நேரத்தில் அவரிடம் இருந்த நிதானம் எனக்கு எப்போதுமே வாய்த்ததில்லை.

“அண்ணே, இது டிஸ்க்ல எழுதுமா, படிக்க மட்டும் செய்யுமா?”

“எழுதும்.”

“என்னாச்சுன்னு தெரியுமா?”

“தெரியலை.”

“அப்ப எழுத வேணாம். தெரியற வரைக்கும் படிக்கறதோட நிறுத்திக்குவோம். டீச்சரம்மா, நீங்க டீ சாப்பிடுங்க. இன்ஷா அல்லாஹ், அதுக்குள்ள ஏதாவது தெரியும்.”

அந்த ஒரு கேள்வியை நான் மறக்கவே இல்லை. எந்தக் கருவியை எடுத்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது எழுதுமா, படிக்குமா?

மென்பொருளை மூடினேன். டிஸ்க்கில் பதிந்திருப்பதைக் கோப்புகளாகக் காட்டாமல், எண்ணும் எழுத்துமாக அப்படியே வரிசையாகக் காட்டும் இன்னொன்றைத் திறந்தேன். அது படிக்க மட்டும்தான் செய்யும். பொதுவாக அதைப் பார்த்தால் சலிப்புதான் வரும். அன்றைக்குத்தான் முதல்முறையாக அதை நிதானமாகப் பார்த்தேன்.

கெட்டுப்போன டிஸ்க்கில் நடுநடுவே படிக்கக்கூடிய சொற்கள் தென்படும். ஒரு கோப்பின் பெயரோ, ஒரு படத்தின் தலைப்போ இருக்கும். எதுவும் எழுதாத இடத்தில் வெறும் பூஜ்யங்கள் நீளும். இதில் இரண்டுமே இல்லை. ஆரம்பத்தில் குப்பை, நடுவில் குப்பை. எங்கே குதித்துப் பார்த்தாலும் தலைகால் புரியாத எழுத்துகள். ஆனால் சத்தம் ஆரோக்கியமாக இருக்கிறது, ஒரு இடம்கூடப் படிக்க மறுக்கவில்லை. ஆரோக்கியமான டிஸ்க் ஏன் இப்படி உளறுகிறது?

டிஸ்க்கின் பின்பாதிக்குப் போனபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கே ஒரே பதினாறு குறிகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. பக்கம் பக்கமாகத் தள்ளினேன். அதே பதினாறு. அதே வரிசை. முடிவே இல்லாமல் போனது.

“பாய், இங்க பாருங்க. இது குப்பை இல்ல. குப்பை இவ்வளவு ஒழுங்கா இருக்காது.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “இந்த இடத்துல என்ன இருந்திருக்கணும்?”

“டீச்சர் பாதி டிஸ்க்தான் நெரப்பியிருக்காங்க. இது காலி இடம். வெறும் பூஜ்யமா இருக்கணும்.”

சொல்லும்போதே புரிந்துவிட்டது. பதினாறு பூஜ்யங்களைச் சங்கேதமாக மாற்றிப் பூட்டினால் பதினாறு குறிகள் வரும். அதையே அதே சாவியால் ஆயிரம் முறை பூட்டினால் அதே பதினாறும் ஆயிரம் முறை வரும். எதுவும் அழியவில்லை. காலி இடம் உட்பட டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டிருந்தது. டீச்சர் பாஸ்வேர்டு எதுவும் போட்டதில்லை. பாஸ்வேர்டு போட்டால்தான் பூட்டு விழும் என்று நான் அதுவரை நம்பியிருந்தேன். சில பெரிய டப்பாக்களில், நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், உள்ளே இருக்கும் சின்ன போர்டு போகிற வழியில் எல்லாவற்றையும் பூட்டி எழுதும், வருகிற வழியில் திறந்து கொடுக்கும். உபயோகிப்பவருக்கு அப்படி ஒரு பூட்டு இருப்பதே தெரியாது.

திறக்க வேண்டுமானால் அந்த போர்டு வேண்டும். அதைத்தான் நான் தூக்கிப்போடச் சொல்லியிருந்தேன்.

டீச்சரிடம் சொல்வதற்கு முன் இரண்டு நிமிஷம் கடைக்கு வெளியே போய் நின்றேன். டிஸ்க் கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், என்மேல் கோபம்கூட வந்திருக்காது. அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை ஒளிக்காமல் உங்களிடம் சொல்கிறேன்.

உள்ளே போய், “டீச்சர், டிஸ்க் நல்லா இருக்கு. தப்பு என்னோடது. டப்பா வேணாம்னு நான் சொன்னேன்ல, அது தப்பு. அதுலதான் இதோட சாவி இருக்கு. அந்த டப்பா எங்க?” என்றேன்.

அவர் கத்தவில்லை. “சேகர் நேத்து சாயங்காலமே பழைய பேப்பரோட சேத்துப் போட்டுட்டானே சார்” என்றார். டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

பாய் உடனே போனை எடுத்து, அதே மாடல் யாரிடமாவது இருக்கிறதா என்று தெரிந்த கடைகளிலெல்லாம் கேட்க ஆரம்பித்தார். அதே வகை சிப் வைத்த போர்டு கிடைத்தாலும் சில சமயம் திறக்கும். ஆனால் அந்த மாடல் நின்றுபோய் வருஷங்கள் ஆகியிருந்தன. நானும் டீச்சரும் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினோம். காவேரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. அன்றைக்கு நான் ஆற்றைப் பார்க்கவில்லை.

சேகர் எங்களைப் பேப்பர் கடைக்குக் கூட்டிப்போனார். கடையை நடத்தியது ராணி என்ற ஐம்பது வயதுப் பெண். தராசுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளைக் காலால் மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தார்.

“கறுப்பு பிளாஸ்டிக் டப்பாங்களா? பிளாஸ்டிக்கெல்லாம் காலையிலயே லோடு போயிடுச்சுங்களே.”

நான் சேகரைத் திரும்பிப் பார்த்தேன்.

“உள்ள ஒரு சின்ன போர்டு இருந்திருக்கும்க்கா” என்றார் சேகர்.

“அட, போர்டா? அதைத் தெளிவா சொல்றதில்லையா? போர்டைப் பிளாஸ்டிக்கோட அனுப்புவாங்களா யாராவது? அதைத் தனியா கழட்டி மூட்டையில போட்டுருவேன்.” உள்ளே போய் ஒரு கோணிப்பையை இழுத்து வந்து, தரையில் செய்தித்தாளை விரித்துக் கொட்டினார். டிவி போர்டு, செட்டாப் பாக்ஸ் போர்டு, உடைந்த செல்போன், ரிமோட் எல்லாம் ஒரே பச்சைக் குவியலாகக் கிடந்தன.

“எப்படி இருக்கும், சொல்லுங்க. நானும் தேடறேன்” என்றார் ராணி.

நான் அந்த போர்டைப் பார்த்ததே இல்லை. ஆனால் அது எதனுடன் சேர வேண்டும் என்பது தெரியும். “தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெருசு. ஒரு ஓரத்துல நீளமா கறுப்பு பிளாஸ்டிக் இருக்கும். அதுல ரெண்டு பொந்து, ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு. ரெண்டும் ஓரத்துல ‘ட’ எழுத்து மாதிரி வளைஞ்சிருக்கும்.”

நாலு பேரும் குந்தி உட்கார்ந்து ‘ட’ தேடினோம். டீச்சர் முந்தானையைச் செருகிக்கொண்டு ஒவ்வொரு போர்டாகத் திருப்பிப் பார்த்தார். அரை மணி நேரம் போயிருக்கும்.

“இதுல ‘ட’ இருக்கு. ஆனா ஒரு மூலை ஆடுது, உடைஞ்சதாட்டம் இருக்கே” என்று ராணி ஒன்றை நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். ஆடியது யுஎஸ்பி ஒயர் செருகும் வாய். டீச்சர் போனில் சொன்ன அதே ஆட்டம்.

“அந்த ஆடற மூலைதாங்க அடையாளம்” என்றேன். “இதுக்குள்ளதான் சாவி இருக்கு.”

ராணி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சாவியா? எங்கங்க இருக்கு?” என்று கேட்டுவிட்டு, நான் விளக்கத் தொடங்குவதற்குள், “சரி, கெடைச்சுதுல்ல, கொண்டு போங்க” என்று கையில் திணித்துவிட்டார்.

கிடைத்த சந்தோஷத்தில் அவசரப்படுகிற இடம் இதுதான். அன்று மாலை கடைக்குத் திரும்பியதும் டீச்சரின் டிஸ்க்கை அதில் மாட்டிப் பார்க்க என் கை துடித்தது. மாட்டவில்லை. பக்கத்துச் செல்போன் கடைத் தம்பி மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்து, ஆடிய வாயை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். அடுத்து கரண்டு கொடுக்க அடாப்டர் வேண்டும். நம் மேஜை டிராயரில் அந்த முனை பொருந்தக்கூடிய அடாப்டர் ஏழெட்டு கிடக்கும். ஒருமுறை, முனை பொருந்தியதே என்று லேப்டாப் சார்ஜரை ஒரு டப்பாவில் செருகி, புகையைப் பார்த்தவன் நான். முனை பொருந்துவதற்கும் வோல்ட் பொருந்துவதற்கும் சம்பந்தமே இல்லை. நல்ல வேளையாக டீச்சர் பழைய அடாப்டரை வீட்டில் வைத்திருந்தார். சேகர் புதன்கிழமை காலையில் அதைக் கொண்டுவந்தார். அதன்மேல் எத்தனை வோல்ட் என்று போட்டிருந்த எழுத்தைப் படித்தேன், மீட்டர் வைத்தும் அளந்தேன்.

அதற்கப்புறமும் டீச்சரின் டிஸ்க்கை மாட்டவில்லை. முதலில் ஒன்றுக்கும் உதவாத பழைய டிஸ்க் ஒன்றைப் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். போர்டு சூடாகவில்லை. பழைய டிஸ்க் புகையவில்லை. பாய் என்னைப் பார்த்து, “இப்ப போடுங்கண்ணே” என்றார்.

போட்டேன். சுழன்றது. திரையில் எந்தக் கேள்வியும் வரவில்லை. வரிசையாக மஞ்சள் ஃபோல்டர்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயரும் சேர்ந்த வருஷமும் இருந்தன. பாய் என் தோளைத் தட்டினார். நான் டீச்சருக்குப் போன் செய்து, “இருக்குங்க” என்று மட்டும் சொன்னேன்.

“ஒண்ணே ஒண்ணு போட்டுக் காட்டுங்க சார், போன்லயே கேக்கறேன்.”

“மொதல்ல காப்பி எடுத்துக்கறேன் டீச்சர். அப்புறம் கேக்கலாம்.” அதைச் சொல்ல எனக்கு மனசே இல்லை. ஆனாலும் சொன்னேன். ஒட்டுப்போட்ட போர்டு எத்தனை மணி நேரம் தாங்கும் என்று யாருக்குத் தெரியும்? காப்பி முடிய மறுநாள் மதியம் ஆனது. பூட்டு எதுவும் போடாத இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் எடுத்தேன். கேஸ் வாங்கும்போதும் அப்படித்தான் பார்த்து வாங்கினேன், எதிலிருந்து எடுத்து எதில் போட்டாலும் திறக்கிற மாதிரி. யாராவது உங்களிடம் எந்த கேஸ் நல்லது என்று கேட்டால், விலைக்கும் வேகத்துக்கும் முன்னால் இதைச் சொல்லுங்கள். நாளைக்கு அந்த டப்பா செத்துப்போனால், டிஸ்க் வேறொன்றில் பேசுமா? பேசாது என்றால் பழைய டப்பாவை டிஸ்க்கைப் போலவே பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை டிஸ்க்கை நானே பயிற்சி அறைக்கு எடுத்துப்போனேன். ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. முசிறிக்காரர் வாழைக்காய் வியாபாரி, பெயர் ராஜேந்திரன். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகள் ரெண்டு காதிலும் மிஷினோடு தரையில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நடுநடுவே, எதையோ கேட்பது போல, “ஆங்... ஆங்...” என்று உரக்கக் கத்தினாள்.

“டீச்சரம்மா, நீங்க நல்லவங்க. ஆனா வாரத்துக்கு மூணு நாள் பஸ்ஸுல தூக்கிட்டு வந்து, ஏழு மாசமாச்சுங்க. கத்தறா, அவ்வளவுதான். என் சம்சாரம் அழுவுது. போதும்ங்க.”

“ஒரே ஒரு பையனோடதைக் கேட்டுட்டுப் போங்க” என்றார் டீச்சர்.

முதல் பதிவைப் போட்டார். ஒரு குழந்தை மூச்சு முட்ட “ஆங்...” என்று கத்தியது. ராஜேந்திரன் தலையைத் திருப்பிக்கொண்டார். அடுத்தது எட்டு மாதம் கழித்துப் பதிந்தது. அதே கத்தல், ஆனால் முடிவில் ஒரு “ம்” சேர்ந்திருந்தது. அடுத்ததில் “ம்மா”. நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். கடைசியாக, ஐந்து வருஷம் கழித்து எடுத்தது. மூக்கால் பேசுகிற, ஆனால் தெளிவான ஒரு பையன் குரல்: “மளை பெய்யுது டீச்சர். நான் வெளிய வர மாட்டேன்.” பின்னால் டீச்சர் சிரிக்கும் சத்தம்.

தரையில் மரக்கட்டை ஒன்று விழுந்தது.

“அதை இன்னொரு தடவை போடுங்க” என்றார் ராஜேந்திரன்.

டீச்சர் கடைசிப் பதிவை மறுபடி போடப் போனார்.

“அது இல்லீங்க. மொதல்ல போட்டீங்களே, கத்துனது. அது.”

டீச்சர் போட்டார். அவர் முழங்காலில் முழங்கையை ஊன்றிக் குனிந்து, கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் மகள் தரையிலிருந்து “ஆங்” என்றாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதேதாங்க” என்றார். “எங்க பாப்பாவும் இதேதான் சொல்றா.”

பிறகு எழுந்து மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “திங்கக்கிழமை வகுப்பு பத்து மணிக்கா, பத்தரைக்கா?” என்று கேட்டார்.